செடியின் நொதியா, பாட்டிலின் கலப்படமா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நொதி அளக்கப் பழகுபவர்கள் பிப்பெட்டைக் கவனிக்கிறார்கள், வெப்பநிலையைக் கவனிக்கிறார்கள், பிஹெச்சை இரண்டு முறை சரிபார்க்கிறார்கள். பாட்டிலில் ஒட்டியிருக்கும் தூய்மைச் சீட்டை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். 100 மில்லிமோலார் செறிவில் சேர்க்கும் பொருளில் 0.1% கலப்படம் என்றால், குவெட்டுக்குள், அதாவது ஒளியை அளக்கும் சிறு கலத்துக்குள், அது 0.1 மில்லிமோலார். இலைச் சாற்றில் நாம் தேடும் மாற்றமே பல சமயம் அவ்வளவுதான் இருக்கும்.

துணை நொதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

இதுதான் அதிக நாட்களையும் அதிக மாதிரிகளையும் வீணாக்கும் தவறு.

சுக்ரோஸ் சிந்தேஸை, சுக்ரோஸை உடைக்கும் திசையில் அளப்பதை எடுத்துக்கொள்வோம். சுக்ரோஸும் யூடிபியும் (யூரிடின் டைபாஸ்பேட்) சேர்ந்து யூடிபி-குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகின்றன. அந்த ஃபிரக்டோஸை ஹெக்சோகைனேஸ், பாஸ்போகுளுக்கோஸ் ஐசோமரேஸ், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் ஆகிய மூன்று துணை நொதிகள் வழியாக ஓட்டி, உருவாகும் என்ஏடிஎச்சை, அது ஒளியை உறிஞ்சும் 340 நானோமீட்டரில் பார்க்கிறோம். முறையில் குறையில்லை. ஆனால் கடையில் கிடைக்கும் ஹெக்சோகைனேஸ் பெரும்பாலும் ஈஸ்டிலிருந்து எடுத்தது, ஈஸ்டிலோ இன்வர்டேஸ் ஏராளம். சுத்திகரிப்பு அரைகுறையான லாட்டில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுப்பில்) அது தங்கிவிடும். தங்கியது சுக்ரோஸைத் தானே பிளக்கும். வெளிவரும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டையுமே ஹெக்சோகைனேஸ் பிடித்துக்கொள்ளும். ஒரு சுக்ரோஸுக்கு இரண்டு என்ஏடிஎச். செடியின் சாறு ஒரு துளிகூட இல்லாமலே திரையில் கோடு ஏறும்.

வெறும் பஃபரை ஊற்றிப் பூஜ்ஜியம் வைத்துவிட்டு அதையே பிளாங்க் என்று குறிப்பேட்டில் எழுதுவதை ஏற்கவே முடியாது. அது கருவிக்கான பூஜ்ஜியம், வினைக்கான பிளாங்க் வேறு. மூன்று குவெட் வேண்டும். முதலாவதில் சாற்றைத் தவிர எல்லாம். இரண்டாவதில் சாறு உண்டு, யூடிபி கிடையாது. மூன்றாவதில் எல்லாமே. முதலாவது ஏறினால் குற்றம் பாட்டில்களில். இரண்டாவது அதைவிடக் கூடுதலாக ஏறினால், அந்தக் கூடுதல் செடியின் சொந்த இன்வர்டேஸ். மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே சுக்ரோஸ் சிந்தேஸ்.

எண்ணில் பார்ப்போம். 1 மில்லிலிட்டர் குவெட், 1 சென்டிமீட்டர் ஒளிப்பாதை. மூன்றிலும் ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.008, 0.012, 0.030 என ஏறுவதாகக் கொள்வோம். என்ஏடிஎச்சின் உறிஞ்சல் குணகம் ஒரு மில்லிமோலாருக்கு 6.22. 0.018ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு 2.9 நானோமோல். கழிக்காமல் 0.030ஐயே எடுத்தால் 4.8. இல்லாத செயல்பாடு மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகச் சேர்ந்துவிட்டது.

கோட்டின் வடிவத்தையும் படிக்கப் பழகுங்கள். சுக்ரோஸ் பாட்டிலிலேயே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருந்தால், துணை நொதிகளைச் சேர்த்ததும் கோடு விறுவிறுவென்று ஏறி, அது தீர்ந்ததும் படுத்துவிடும். 0.1 மில்லிமோலார் கலப்படம் இருந்தால் ஏற்றம் சுமார் 0.62. அது படுக்கும்வரை காத்திருந்து, கடைசியாக யூடிபியைச் சேர்த்து வினையைத் தொடங்குங்கள். இன்வர்டேஸ் இருந்தால் கோடு படுக்கவே படுக்காது. ஏறி நின்றால் சப்ஸ்ட்ரேட்டை (நொதி வினைபுரியும் பொருளை, இங்கே சுக்ரோஸை) பாருங்கள், நிற்காமல் ஏறினால் துணை நொதியைப் பாருங்கள்.

வினையை 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி நிறுத்திவிட்டுப் பிறகு ஃபிரக்டோஸை அளந்தால் தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். செடியின் நொதிதான் செத்தது, சுக்ரோஸ் அப்படியே இருக்கிறது. அதன்பின் சேர்க்கும் ஹெக்சோகைனேஸோடு இன்வர்டேஸும் உள்ளே வரும். அதே கதைதான்.

இன்னொரு சோதனை: பிளாங்க்கைக் கழித்தபின், சாற்றை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்க வேண்டும். துணை நொதியை இரட்டித்தால் வேகம் மாறக்கூடாது. மாறினால் அது போதவில்லை அல்லது அதில் கலப்படம். எது என்பதை முதல் குவெட் சொல்லிவிடும். லாட் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்து, லாட் எண்ணை அன்றைய பக்கத்திலேயே எழுதுங்கள்.

அம்மோனியம் சல்பேட்டோடு ஊற்றுவது

பல துணை நொதிகள் 3.2 மோலார் அம்மோனியம் சல்பேட்டில் மிதக்கும் நிலையில் வருகின்றன. அதில் 10 மைக்ரோலிட்டரை 1 மில்லிலிட்டரில் சேர்த்தால் அம்மோனியம் மட்டும் 64 மில்லிமோலார். சர்க்கரை அளவீட்டில் இது பொறுக்கலாம். குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸுக்கு இதுவே சப்ஸ்ட்ரேட். குளிரில் சுழற்றி, மேல்நீரை எடுத்துவிட்டு, வண்டலைப் பஃபரில் கரையுங்கள். முழுக்க நீங்க வேண்டுமானால் உப்பைப் பிரிக்கும் ஜி-25 ஜெல் குழாயில் ஓட்டுங்கள்.

ஏடிபியில் ஒளிந்திருந்த வனடேட்

1977இல் லூயிஸ் கேன்ட்லியும் உடன் ஆய்வாளர்களும், தசையிலிருந்து எடுத்த ஏடிபியில் சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸை (ஏடிபியை உடைத்து அயனிகளைத் தள்ளும் நொதியை) தடுக்கும் ஏதோ ஒன்று இருப்பதைத் துரத்திப் போய், அது வனடேட் என்ற வனேடியச் சேர்மம் என்று கண்டார்கள். தாவரச் செல்சவ்வின் புரோட்டான் ஏடிபேஸும் அதே குடும்பம், வனடேட்டுக்கு அதுவும் அடங்கிவிடும். செயல்பாடு குறைந்திருக்கிறது என்று முடிவெழுதும் முன், வேறொரு மூலத்தின் ஏடிபியைப் பக்கத்தில் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள்.

பஃபரில் செம்பும் இரும்பும்

ஆஸ்கார்பேட் பெராக்சிடேஸை 290 நானோமீட்டரில், ஆஸ்கார்பேட் குறைவதைக் கொண்டு அளக்கிறோம். பாஸ்பேட் உப்பில் துளி செம்போ இரும்போ இருந்தால் நொதியில்லாமலே ஆஸ்கார்பேட் ஆக்சிஜனேற்றமாகும். உலோகங்களைப் பிடித்துவைக்கும் இடிடிஏவை 0.1 மில்லிமோலார் சேர்த்து, சாறில்லாத குவெட்டில் கோடு தட்டையாக இருப்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நாள்பட்ட ட்ரைட்டான் எக்ஸ்-100, ட்வீன் 20 (இரண்டும் சோப்பு போன்றவை), பிவிபி என்ற பாலிமர் ஆகியவற்றில் பெராக்சைடு சேர்ந்திருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

சோடியம் அசைடு

பஃபர் கெடாமலிருக்கச் சேர்த்திருந்தால், அது முடக்கும் நொதியான கேட்டலேஸை அதில் அளக்காதீர்கள்.

பாஸ்பேட் உள்ள சோப்பு

பாஸ்பேட்டை விடுவிக்கும் பாஸ்பட்டேஸுக்கான கண்ணாடியை அதில் கழுவ வேண்டாம். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, தூய நீரில் அலசுங்கள்.

நைட்ரேட்டில் நைட்ரைட்

நைட்ரேட் ரிடக்டேஸுக்கான பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில், சாறு சேர்க்குமுன்பே, நைட்ரைட்டோடு நிறம் தரும் சல்ஃபானிலமைடும் என்இடியும் ஊற்றிப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் பாட்டிலை மாற்றுங்கள்.