ஆடியில் கசூரினா, மார்கழியில் பண்ணை: யாழ் கரையில் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஆடி, ஆவணி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய் வருபவர்களின் படங்களைப் பாருங்கள். காய்ந்த புல், வெளிறிய வானம், எங்கும் புழுதி. பள்ளிக்கூட லீவும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து, வெளிநாட்டில் இருக்கும் எங்களை எப்போதும் அதே பருவத்தில்தான் ஊரில் கொண்டுபோய் இறக்குகின்றன. மார்கழியிலோ பங்குனியிலோ போகக் கிடைத்தால் அதே கரை வேறு ஊர் மாதிரித் தெரியும். டிக்கெட் போட்ட கையோடு, அந்த மாதத்தில் சூரியன் எங்கே விழும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். புதுக் கமரா வாங்குவதைவிட அது உதவும்.

யாழ்ப்பாணத்தில் சூரியன் மறையும் இடம் ஆண்டுக்குள் ஏறக்குறைய 48 பாகை நகர்கிறது. ஜூன் கடைசியில் நேர்மேற்கிலிருந்து வடக்கே 24 பாகை தள்ளி மறையும். டிசம்பர் கடைசியில் தெற்கே அதே அளவு. காரைநகர் கசூரினா கடற்கரை வடக்கைப் பார்த்தது. ஜூன், ஜூலையில் அங்கே சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். மார்கழியில் போனால் இடது கைப்பக்கம் கரையோடு ஒட்டிப் போய்விடும். சவுக்கு மரங்கள்தான் மிஞ்சும். கடல் அங்கே நெடுந்தூரம் ஆழமில்லை. ஈர மணலில் நின்று போனைத் தண்ணீருக்குக் கிட்டப் பதித்துப் பிடித்தால் வானம் முழுவதும் கீழேயும் விழும்.

மார்கழி, தை என்றால் என் தெரிவு பண்ணைப் பாதை. கோட்டைக்குப் பக்கத்தில் தொடங்கித் தீவுப்பகுதிக்குப் போகும் அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக்கடல். மீன் பிடிக்கும் சிறகுவலைக்கு நட்ட தடிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். சூரியன் தென்மேற்கே இறங்கி அந்தத் தடிகளுக்கு இடையில் வரும்வரை காத்திருங்கள். போன் திரையில் சூரியனுக்குப் பக்கத்தில் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிடுங்கள். தடியும் பறவையும் கறுப்பாகி வானத்தின் நிறம் திரும்பி வரும். இதைச் செய்யாததால்தான் பலருடைய படத்தில் வானம் வெள்ளையாய்க் கிடக்கிறது.

நேரமும் கவனம். நவம்பர் நடுவில் 5.45 அளவில் மறையும், ஜூலையில் 6.35 அளவில். லண்டனிலும் ஒஸ்லோவிலும் போல அந்தி நீண்டு கிடக்காது. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றால் பொழுது போய்விடும்.

வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று. மணலும் உப்புத் தூவானமும் லென்ஸில் படியும். சேட்டு நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதுங்கள், பிறகு மெல்லிய துணி. ஏசி வாகனத்திலிருந்து இறங்கினால் கண்ணாடி பூத்துப் போகும். கமராவைப் பையிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் சரி. ஐப்பசி மழைக்குப் பிறகுதான் வானம் கழுவின மாதிரி இருக்கும். வேலிகளில் கார்த்திகைப்பூ, வயலெல்லாம் பச்சை, பள்ளங்களில் தண்ணீர். புயல் காலமும் அதுதான், நுளம்பும் அப்போதுதான். மாசி, பங்குனியில் கடல் அடங்கிவிடும். பூநாரைகளைப் பார்க்கவும் அந்த மாதங்கள் நல்லவை. மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தை விடக்கூடாது. 2010இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இடம்.

வடமராட்சியின் மணற்காடு கிராமத்தில் கடல் கிழக்கே. மணலில் புதைந்த பழைய தேவாலயச் சுவர்களைப் படம் எடுக்க விடியற்காலை போங்கள். முள்ளிவாய்க்காலும் கிழக்குக் கரைதான். அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது, வேறென்ன சொல்ல.

படை முகாம்களுக்கு நேராகக் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் கொண்டு போகிறவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். மண்டையோட்டுப் பலகை தெரிந்தால் நல்ல காட்சிக்காகக்கூடப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் உண்டு. வலை இழுப்பவர்களைத் தூர லென்ஸால் களவாக எடுப்பதைவிட, கிட்டப் போய் "அண்ணை, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "எடும் எடும்" என்பார்கள். வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்று சொன்னால், விமானம் ஏறும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நெடுந்தீவில் பொழுது சாய்வதைப் பார்க்க ஆசை என்றால் அன்றிரவு அங்கே தங்கத்தான் வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பும் படகு அதுவரை நிற்காது. கசூரினாவிலும் இருட்டிய பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோக்காரரிடம் போகும்போதே திரும்பி வருவதற்கும் காத்திருப்பதற்கும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள்.