இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

ரெண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் சொல்லும் தளங்கள் நிறைய உண்டு. தூரத்தை நம்பலாம். நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் பல தளங்கள் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் ஒரு ஜெட் நேராகப் பறப்பதாக வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. சின்ன ஓடுபாதைகளுக்குப் பெரும்பாலும் வருவது ஏடிஆர் 72 மாதிரி டர்போபிராப் (இறக்கையில் விசிறி சுழலும்) விமானம், அதன் வேகம் மணிக்குச் சுமார் 510 கி.மீ.தான்.

நீங்களே கணக்கிட ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வேறு வேறு நாடுகளில் ஊர்கள் இருக்கும் என்பதால் பெயரை வைத்துத் தேடாமல் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். டிக்கெட்டில் வரும் மூன்றெழுத்து ஐயாட்டா (IATA) குறியீடு இல்லாத நிலையமாக இருந்தால், விமானிகள் பயன்படுத்தும் நான்கெழுத்து ஐசிஏஓ (ICAO) குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 30 டிகிரி 30 நிமிடம் என்றால் 30.5, அதை 30.30 என்று எழுதிவிட்டால் 20 கி.மீ.க்கு மேல் பிசகிவிடும், இந்த இடத்தில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள்.

அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி என்பது 111-ஐ அந்த அட்சரேகையின் கோசைனால் பெருக்கினால் வருவது, துருவத்தை நெருங்க நெருங்க அது குறையும். உதாரணமாக, 30 டிகிரி அட்சரேகையை ஒட்டி வடக்கு தெற்காக 2 டிகிரி, கிழக்கு மேற்காக 3 டிகிரி வித்தியாசம் என்றால் 222 கி.மீ., 288 கி.மீ. வரும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 364 கி.மீ. சில நூறு கி.மீ. வரைக்கும் இது போதும், அதற்கு மேல் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் ஹேவர்சைன் சூத்திரம்தான் சரி. விடை கடல் மைலில் வந்தால் கி.மீ. ஆக்க 1.852 ஆல் பெருக்குங்கள்.

364-ஐ 510 ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வளைந்து வருவது எல்லாவற்றுக்கும் ஒரு அரை மணி நேரம் சேர்த்தால் 1 மணி 13 நிமிடம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று அடித்தால் இன்னும் 4, 5 நிமிடம் கூடும், இவ்வளவு குறைந்த தூரத்தில் அது பெரிய விஷயமில்லை.

ஆனால் இதெல்லாம் நேரடி விமானம் இருந்தால்தான், இரண்டு சின்ன நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் அது இருக்காது. அப்போது நடுவில் இருக்கும் பெரிய நிலையம் வழியாக இரண்டு பயணமாகக் கணக்கிட்டு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதால் நேர மண்டல வித்தியாசத்தைச் சரிசெய்துவிட்டுப் பாருங்கள். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறிப்போனால் பொதுவாக அந்த நஷ்டம் நம்முடையதுதான், அதனால் நடுவில் தாராளமாக இடைவெளி விட்டே எடுங்கள்.