கைப்பிடியில் கை வைக்குமுன்: ஏர் பிஸ்டலுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் துணைப்பொருள் வாங்குவோர் செய்யும் தவறுகள்

எங்கள் சுடும் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பயிற்சி முடிந்து பெட்டியை மூடிக்கொண்டிருந்த என்னிடம் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, இந்த டிரிக்கர் வெளிநாட்டுக் கடையில பாதி விலைக்குப் போட்டிருக்கான். கூடவே குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டுற ரெட் டாட்டும் ஒண்ணு எடுத்துக்கலாம்னு பார்க்கிறேன். ஆர்டர் பண்ணிரவா?"

"பண்ணிட்டியா, பண்ணப்போறியா?"

"கார்ட்டுலதான் இருக்கு."

"அப்ப அங்கேயே இருக்கட்டும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. சரி, ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், நாம் இருப்பது சிங்கப்பூரில். இணையத்தில் பார்க்கும் துப்பாக்கி வீடியோக்களில் பாதி, கடைக்குப் போய்க் காய்கறி வாங்குவது போலப் பாகம் வாங்கி மாட்டுகிற ஊர்களில் எடுத்தவை. இங்கே துப்பாக்கியும் அதன் பாகங்களும் காவல்துறை உரிமத்துக்குள் வருபவை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தில், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அனுமதியின்றித் துப்பாக்கியின் டிஜிட்டல் வரைபடத்தை வைத்திருப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கிவிட்டு "கிரிப் (கைப்பிடி) மட்டும்தானே, சும்மா டவுன்லோட் பண்ணிப் பார்ப்போம்" என்று உட்காருகிறவர்கள் கவனிக்க. கிரிப்புக்குப் பக்கத்திலேயே வேறு கோப்பும் கிடக்கும்.

ஜொகூர் பாருவிலோ பேங்காக்கிலோ பார்த்த ஜெல் பிளாஸ்டரை (ஜெல் உருண்டை சுடும் துப்பாக்கி) பிள்ளைக்குப் பொம்மையென்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதும் இதே வகைத் தவறுதான். அங்கே அதைப் பொம்மையென்று விற்றிருக்கலாம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் அது பொம்மையாக இருக்காது.

ஆகவே எந்தப் பாகமானாலும் மன்றத்தில் கேட்ட பிறகே பணம் கட்ட வேண்டும். உரிமம், இறக்குமதி எல்லாம் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை.

அப்புறம் அந்த ரெட் டாட். நம் ஆண்களுக்குத் தேசிய சேவையில் கையில் கிடைப்பது சார்-21 ரைஃபிள். அதில் 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் துப்பாக்கியோடு சேர்ந்தே வருகிறது. அதனாலோ என்னவோ, "கண்ணுக்கு ஏதாவது கருவி இருந்தால்தான் துப்பாக்கி" என்ற எண்ணம் பலருக்குப் படிந்துவிட்டது. ஆனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் அனைத்துலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளன விதிப்படி திறந்த சைட் (குறி பார்க்கத் துப்பாக்கியின் முன்னும் பின்னும் இருக்கும் எளிய அமைப்பு) மட்டும்தான். ரெட் டாட், லேசர், ஸ்கோப் எதுவும் கிடையாது. காசு கொடுத்து வாங்கிய பொருளை உபகரணச் சோதனை மேசையில் கழற்றி வைக்க வேண்டியிருக்கும்.

விதிப்புத்தகத்தைக் கடையில் நிற்கும்போது யாரும் நினைப்பதில்லை. பிஸ்டல் 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 420 க்கு 200 க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ரைஃபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பெரிய கிரிப் மாட்டி, முன்னால் எடை சேர்த்து, அழகாகத் தயார்செய்துகொண்டு வந்தவரின் பிஸ்டல் அந்தப் பெட்டிக்குள் இறங்காமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் உப்புத்தாள் தேடி ஓடினார்.

டிரிக்கரில் எல்லோருக்கும் உள்ள ஆசை, "லேசாக இருக்க வேண்டும்." ஏர் பிஸ்டலில் குறைந்தபட்ச இழுவை, அதாவது டிரிக்கர் விடுபடத் தேவையான எடை, 500 கிராம். சோதனையில் குழாயை மேல்நோக்கிப் பிடித்து, எடைக்கட்டியை டிரிக்கரால் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கியதும் விடுபட்டுவிட்டால் தோல்வி. 500ஐ மிகச் சரியாக வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. திருகு ஒரு நூல் தளர்ந்தாலும் போச்சு. போட்டி முடிந்த பிறகும் சோதிப்பார்கள். அப்போது தவறினால் தகுதிநீக்கம்தான். நான் எப்போதும் பத்து, இருபது கிராம் கூட வைப்பேன். அந்த இருபது கிராமால் யாரும் தோற்றதில்லை. இன்னொன்று, நல்ல பிஸ்டல்களில் டிரிக்கரை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சற்றுத் திருப்பலாம், முதல் கட்ட, இரண்டாம் கட்ட எடைகளைத் தனித்தனியே மாற்றலாம். விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதை நேராகப் பின்னால் இழுக்கும்படி அது அமைந்திருக்கிறதா என்று பார்க்காமலே புது டிரிக்கர் தேடுவது, செருப்பு வாரை இறுக்காமல் புதுச் செருப்பு வாங்குகிற கதை.

உண்மையில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது கிரிப். இதில்தான் அதிகத் தவறும் நடக்கிறது. ஸ்டெயர், மொரினி, பார்டினி, வால்தர் என்று எந்தப் பிஸ்டலானாலும் கிரிப் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வரும். கை பெரிதாக இருப்பதால் பெரியது என்று எடுத்துவிடுகிறோம். பிடித்துப் பாருங்கள், உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுப் போகிறது. கையை இறக்கி ஏற்றும் ஒவ்வொரு முறையும் பிடி ஒரு இழை மாறும். முன் சைட்டும் பின் சைட்டும் தானாக நேர்கோட்டில் வந்து நிற்காது. மணிக்கட்டை முறுக்கித்தான் சரிசெய்வீர்கள். அந்த முறுக்கு பத்தாவது குண்டில் தெரியாது, நாற்பதாவது குண்டில் தெரியும்.

கொஞ்சம் சிறிய கிரிப்பை எடுத்து, குழியுள்ள இடத்தில் எப்பாக்சி புட்டி வைத்து நிரப்பி, இடிக்கிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவருவதுதான் பழையவர்கள் வழி. ஒரே நாளில் முடிக்கக் கூடாது. ஒரு இடத்தில் தேய்த்து, ஒரு வாரம் சுட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக் கையைத் தூக்கி, கண்ணைத் திறக்கும்போது சைட் நேராக நிற்கிறதா என்பதே அளவுகோல். இதற்கும் எல்லை உண்டு: கிரிப் மணிக்கட்டைத் தொடக் கூடாது, உள்ளங்கை தாங்கும் பலகை கிரிப்போடு 90 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. நம் ஈரப்பதத்தில் வால்நட் மரம் சற்று ஊதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் கச்சிதமாக இருந்த கிரிப் இங்கே வந்து ஆறு மாதத்தில் இறுக்கிப் பிடிப்பதாகச் சிலர் குறைப்படுவது அதனால்தான்.

மணிக்கட்டு என்றதும் ஒன்று. சுடும் கையில் கடிகாரம், வளையம், பட்டை எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. வலக்கையில் கோயில் கயிறு கட்டியிருந்த என்னிடம் பயிற்றுநர், "இதுவும் துணைப்பொருள்தான்" என்றார். இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பெல்லட், அதாவது நாம் சுடும் சிறு குண்டு, விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று தலை அளவு வாரியாகப் பத்து டப்பா வாங்கிவைத்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏர் ரைஃபிள் இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளி அரை மில்லிமீட்டர். அங்கே அது நியாயம். ஏர் பிஸ்டல் இலக்கின் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர், ஒன்பது வளையம் 27.5. எட்டிலும் ஏழிலும் சுடுகிற காலத்தில் பெல்லட்டைக் குறை சொல்வது வீண். ஒரே வகையில், ஒரே தொகுதி எண்ணில் நாலைந்து டப்பா எடுத்துவைத்தால் போதும்.

பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ஏர் ரைஃபிள் எடுத்த பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. துப்பாக்கி ஆடாமல் நிற்க முன்னால் எடை சேர்ப்பது பொதுவான யோசனை. பதின்மூன்று வயதுப் பிள்ளை இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்கி நிற்கிறது. எடையைத் தொடுவதற்கு முன் கன்னப்பலகையின் உயரத்தையும் தோள்பட்டைத் தட்டின் நீளத்தையும் பயிற்றுநரிடம் சொல்லிச் சரிசெய்யுங்கள். இரண்டும் திருகு வேலைதான், காசு கிடையாது. பிள்ளை வளர வளர நாலு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். விலையுயர்ந்த ஜாக்கெட்டை "வளரும் பிள்ளை" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவதையும் விட்டுவிடுங்கள். தொளதொள ஜாக்கெட் எதையும் தாங்காது, வியர்வையைத்தான் தாங்கும்.

கடைசியாக, சுடுவதற்கு அழுத்தக் காற்று தரும் காற்று உருளை. பழைய பிஸ்டலோடு மலிவாகக் கிடைக்கும் கூடுதல் உருளையை வாங்கும்போது அதில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆண்டுதான் காலம். அது கடந்துவிட்டதா என்று பார்ப்பது சுடுபவர் பொறுப்பு. இந்த உருளைகள் பொதுவாக 200 பார் அழுத்தத்துக்கானவை. 300 பார் டாங்கியிலிருந்து "இன்னும் கொஞ்சம்" என்று நிரப்புவது விளையாட்டல்ல. டிரிக்கர் இழுவை குறைந்தால் ஒரு போட்டி போகும், அவ்வளவுதான். உருளை வெடித்தால் கை போகும்.

அந்தத் தம்பிக்கு இப்போது கிரிப்பில் புட்டி வைத்திருக்கிறார்கள். டிரிக்கரைக் கார்ட்டிலிருந்து எடுத்துவிட்டாராம். ரெட் டாட்டைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.