பயனர் கோப்பை மூடிவிட்டாரா? ஸ்கிரிப்ட் ஏமாறும் இடங்கள்

பைத்தானில் ஓர் அறிக்கையை உருவாக்கி, பயனருக்குத் திறந்து காட்டி, அவர் மூடியதும் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. முதல் சறுக்கல், கோப்பைத் திறக்கப் பைத்தான் தரும் ஓஎஸ்.ஸ்டார்ட்ஃபைல் கட்டளையில். அது விண்டோஸிடம் "இதைத் திற" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். யார் எப்போது மூடினார்கள் என்பது அதன் கவலை இல்லை.

வேறு நிரல்களை ஓட்ட உதவும் பைத்தானின் சப்ப்ராசஸ் மூலம் எக்செலையே ஓட்டி, அது முடியும்வரை காத்திருக்கலாமே? எக்செல் ஏற்கெனவே திறந்திருந்தால், புதிய ப்ராசஸ் கோப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு முடிந்துபோகலாம். பயனர் முதல் வரியைப் படிப்பதற்குள் ஸ்கிரிப்ட் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடும். மேக்கில் நேர்மாறு: ஓப்பன் கட்டளையில் டபிள்யூ தெரிவைக் கொடுத்தால், கோப்பை மூடினாலும் போதாது, செயலியை விட்டே வெளியேறும்வரை காத்துக் கிடக்கும்.

அடுத்து எல்லாரும் போய் நிற்பது, கோப்பு பூட்டப்பட்டிருக்கிறதா, அதாவது வேறொரு நிரல் அதைப் பிடித்துவைத்து மற்றவற்றை எழுதவிடாமல் தடுக்கிறதா என்ற சோதனையில். விண்டோஸில் எக்செல், வேர்டுக்கு இது பலிக்கும். நோட்பேட் போன்றவை உள்ளடக்கத்தை நினைவகத்துக்கு எடுத்துக்கொண்டு கோப்பை விட்டுவிடும். கண்ணெதிரே திறந்திருந்தாலும் பூட்டு இருக்காது. லினக்ஸிலோ, பூட்டு இருக்கிறதா என்று கேட்டு நடக்கும் நிரல்களை மட்டும்தான் பொதுவாகப் பூட்டு தடுக்கும்.

பலிக்கும் இடத்திலும் பொறி உண்டு. எக்செல் எழுந்து வரச் சில நொடிகள் ஆகலாம். அதற்குள் சோதித்தால் பூட்டு இல்லை, ஆகவே மூடிவிட்டார் என்று முடிவாகிவிடும். முதலில் பூட்டு விழட்டும்; பிறகே அது விடுபடுகிறதா என்று பாருங்கள். இதைவிட மோசம், பைத்தானின் 'டபிள்யூ' (புதிதாக எழுதும்) முறையில் திறந்து சோதிப்பது. திறப்பு வெற்றி பெற்றால் கோப்பு காலி! உள்ளடக்கத்தை அழிக்காமல் படிக்கவும் எழுதவும் திறக்கும் 'ஆர்+' முறையே போதும். சோதனைகளுக்கு நடுவே ஒரு நொடி உறக்கமும் வையுங்கள், இல்லையேல் ஒரு சிபியு கோர் சும்மா சுழன்றுகொண்டிருக்கும்.

திறந்த கோப்புக்குப் பக்கத்திலேயே வேர்ட் உருவாக்கும், '~$' என்று பெயர் தொடங்கும் தற்காலிகக் கோப்பை நம்புகிறவர்களும் உண்டு. வேர்ட் நடுவில் செத்துப்போனால் அது அங்கேயே கிடக்கும், ஸ்கிரிப்டும் கூடவே கிடக்கும். மூடப்போவதை அறிவிக்கும் எக்செலின் பிஃபோர்குளோஸ் நிகழ்வோ "சேமிக்கவா?" என்ற கேள்விக்கு முன்பே வந்துவிடுகிறது, பயனர் ரத்து செய்தால் கோப்பு மூடப்படவே இல்லை.

எடிட்டர் உங்கள் தேர்வு என்றால் தலைவலி பாதி குறையும். விஎஸ் கோடு எடிட்டரை 'வெயிட்' தெரிவுடன் ஓட்டினால், அந்தக் கோப்பை மூடும்வரை கட்டளை திரும்பாது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டுக்கு அதை எடிட்டராக அமைப்பவர்கள், கமிட் (பதிவு) செய்தி எழுத இப்படித்தான் அமைக்கிறார்கள். தேர்வு பயனருடையது என்றால், "முடித்ததும் எண்டரை அழுத்துங்கள்" என்று கேட்டுவிடுவதில் எனக்கு வெட்கமில்லை.

உண்மையில் தேவைப்படுவது மூடுவதா, சேமிப்பதா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சேமிப்பதுதான் என்றால் மாற்றத்தைக் கண்காணித்தாலே போதும். ஆனால் பல எடிட்டர்கள் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயரை மாற்றிவிடுவதால், மாற்றங்களைத் தெரிவிக்கும் லினக்ஸின் ஐநோட்டிஃபை வசதியைக் கோப்பின் மேல் வைக்காமல் அது இருக்கும் கோப்புறையின் மேல் வையுங்கள்.