கோயில் பழைய பதிவேடுகளில் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தாத்தா, பூட்டன் காலத்துப் பதிவு தேடி கண்டி, அட்டன், பதுளைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களுக்குப் போகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். எந்தப் புத்தகத்தை யார், எதற்காக எழுதினார்கள் என்று யோசிக்காமல் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் குழப்பம் துறவிகள் வாழும் மடத்தையும், ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்களின் பிரிவான பங்கையும் ஒன்றாக நினைப்பது. கண்டிப் பகுதியில் நெடுங்காலம் பணி செய்தவர்கள் 1845 முதல் இலங்கைக்கு வந்த சில்வஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவிகள். இப்படித் துறவிகள் நடத்திய இடங்களில் மடமும் கோயிலும் ஒரே வளவில் இருந்தாலும் புத்தகங்கள் வேறு வேறு. மடத்து ஏடுகளில் துறவிகளின் வரவு, இறப்பு, சபைத் தலைமைக்கு எழுதிய கடிதங்கள், வரவு செலவு இருக்கும். அதில் உங்கள் பூட்டன் வருவதென்றால் கொத்தனாராகவோ சமையற்காரராகவோ கூலி வாங்கிய வரியில்தான் வருவார். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் எல்லாம் பங்குப் பதிவேட்டில்.

இன்றைய எல்லையை வைத்துப் பழைய காகிதத்தைத் தேடுவதும் அப்படித்தான். திருச்சபை நிர்வாகத்தில் கண்டி 1883-இல்தான் கொழும்பிலிருந்து பிரிந்தது, 1886-இல் மறைமாவட்டமானது, அதாவது ஓர் ஆயரின் ஆட்சிப் பகுதியானது. பதுளை 1972 வரை கண்டியோடு இருந்தது. ஆகவே பதுளை இருக்கும் ஊவாப் பக்கத்துப் பழைய ஆயர் கடிதத்தைப் பதுளையில் மட்டும் தேடினால் போதாது. பங்குப் பதிவேடு பொதுவாக அந்தந்தப் பங்கிலேயே இருக்கும். இன்னும் பின்னே போய், 1692-இல் கண்டிக்கு வந்து 1711-இல் அங்கேயே இறந்த கோவாக் குருவானவர் புனித யோசேவ் வாஸ் காலத்தைத் தேடுகிறவர்கள் கோவாப் பக்கம் பார்க்க வேண்டும். அவரும் தோழர்களும் எழுதிய கடிதங்கள் அங்கிருந்த தங்கள் சபைக்குத்தான் போயின.

தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பதிவுதான் ஆகச் சிக்கலானது. தோட்டத்தில் சின்னக் கோயில் இருந்திருக்கலாம், ஆனால் சுவாமியார் டவுனிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போயிருப்பார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பக்கத்தில் நடந்தாலும் பதிவு டவுன் கோயிலில் இருக்கும். குடும்பம் தோட்டம் மாறினால் அடுத்த பிள்ளையின் பதிவு வேறு டவுனில். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் சொல்லும் பெயர் ஒன்று. இரண்டையும், தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷன் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

அப்புறம் பெயர். வீட்டில் முத்து, தோட்டத்து ஆள் பெயர்ப் பதிவான செக்றோலில் இன்னொன்று, கோயில் புத்தகத்தில் லத்தீன். ராயப்பன் ‘பெத்ருஸ்’ ஆகியிருப்பார், சின்னப்பன் ‘பவுலுஸ்’, சூசை ‘யோசேபுஸ்’, சந்தியாகு ‘யாக்கோபுஸ்’. ஐரோப்பியச் சுவாமியார் காதில் விழுந்தபடி எழுதிய தகப்பன் பெயரை வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். தேதியிலும் பொறி உண்டு. 7 என்று போட்டு அருகில் ‘பிரிஸ்’ (bris) என்ற ஒட்டு இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். மார்ச்சில் ஆண்டைத் தொடங்கிய பழைய ரோமானியக் கணக்கு அது. 8 ஒக்டோபர், 9 நவம்பர், ரோம எண் பத்து டிசம்பர்.

ஓரக் குறிப்பைப் பார்க்காமல் விடுவதைத்தான் நான் பெரிய நட்டம் என்பேன். 1908 முதல் ஒருவரின் விவாகத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. குறித்திருந்தால், எந்தக் கோயிலில் யாரை மணந்தார் என்று அந்த ஒரு வரியே அடுத்த ஊருக்கு வழிகாட்டும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் விடாதீர்கள். உறவுக்காரராகவோ பக்கத்து லயத்து ஆளாகவோ இருக்க இடமுண்டு.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் பதிவில் தனித்தனியே இருக்கும். ஞானஸ்நானச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகாது. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குத் துணை ஆவணமாக உதவும். 2003-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே வசித்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் வழிவந்தவர்களையும் பற்றியது. ஒரு ஞானஸ்நானப் பதிவு, ஞானஸ்நானம் நடந்த நாளில் குடும்பம் இங்கே இருந்தது என்பதைத்தான் காட்டும். தொடர்ந்து வசித்ததற்கு வேறு காகிதம் வேண்டும். அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று பதிவேட்டையே திருத்தித் தரச் சொல்லி ஃபாதரை நெருக்கவும் கூடாது. திருத்தம் வேண்டுமானால் ஆயர் இல்ல அனுமதியோடு ஓரக் குறிப்பாகத்தான் சேரும்.

புத்தகம் வைத்திருக்கும் பங்குக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நுவரெலியாப் பக்கத்துப் பனியும் ஈரமும் காகிதத்துக்கு ஆகாது. அதற்காக வெயிலில் விரித்துப் போட்டால் தாள் மொறமொறத்துவிடும். மின்விசிறிக் காற்றும் இடையிடையே உறிஞ்சுதாளும் போதும். ஈரம் போகுமுன் பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம்தான். கிழிந்த இடத்துக்கு செலோடேப்பும் வேண்டாம், லேமினேட்டும் வேண்டாம். ஒட்டியதைப் பின்னால் பிரிக்க முடியாது. புரட்டுவதற்குக் கழுவி உலர்ந்த கை போதும். துணிக் கையுறை தாளின் ஓரத்தைக் கிழிக்கும்.

பக்கத்தைப் படம் பிடித்து முகநூலில் போடாதீர்கள். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை எல்லாம் அதே பக்கத்தில் இருக்கும், அவர்கள் பேரப்பிள்ளைகள் அடுத்த லயத்தில் இருப்பார்கள். இது எவரும் வந்து புரட்டும் பொது ஏடும் இல்லை. ஃபாதரோ அலுவலகத்தில் இருப்பவரோ தேடி எடுத்துத்தான் தருவார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போய் நிற்காமல், பெற்றோர் பெயர், தோட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கிழமை நாளில் கொடுத்துவிட்டு வாருங்கள்.