உடவத்தகலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தலதா மாளிகைக்குப் பின்னால்தானே இருக்கிறது, கண்டி டவுனிலிருந்து நடந்தே போய்விடலாம், பூங்கா மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்து வருவதுதான் முதல் தவறு. மற்ற எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கிறது. இது காடு. அரசர் காலத்தில் அரண்மனைக்கு மேலிருந்த வனம், 1856இல் ஒதுக்கக் காடானது, 1938இல் சரணாலயமானது. மொத்தமே 104 ஹெக்டேயர் அளவுதான், சுற்றிலும் வீடும் ரோட்டும்.

சரி, அட்டைக்கு வருவோம். அக்கா மகன் ஒருமுறை ஐப்பசி மழைக்கு மறுநாள் ரப்பர் செருப்போடு வந்தான். குளத்தடியைத் தாண்டுவதற்குள் இரண்டு காலிலுமாக ஏழு அட்டை. பயத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தான், அது நீண்டுகொண்டே போனதே தவிர விடவில்லை. இழுக்கக் கூடாது, நெருப்பு வைக்கவும் கூடாது. வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனைக்கு அடியில் நகத்தை விட்டுத் தள்ளினால் கழன்றுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கழன்ற பிறகும் கொஞ்ச நேரம் வடியத்தான் செய்யும், அதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழ வேண்டாம் (அவன் அழுதான்). சப்பாத்து போடுங்கள், காற்சட்டையை மேசுக்குள் செருகி, மேசின் மேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள்.

படம் எடுக்கிறேன் என்று பாதையை விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மலைநாட்டுச் சருகுக்குள் கோப்பி விரியன் சுருண்டு கிடந்தால் கண்ணுக்கே தெரியாது, நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக ஏற்றும் விஷமுறிவு ஊசி அதன் விஷத்துக்குக் கேட்காது. கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம், காலை ஆட்டாமல் நேரே ஆஸ்பத்திரி.

அப்புறம் குரங்கு. சொப்பிங் பேக் சரசரத்தாலே சாப்பாடு என்று அதற்குப் பழக்கமாகிவிட்டது, பழக்கியது நாம்தான். பாவமே என்று ஒரு பிஸ்கட் நீட்டினால் அடுத்து வரும் பிள்ளையின் கையிலிருந்து பறிக்கும். கீறினாலோ கடித்தாலோ சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு விசர்நாய்க்கடி ஊசி பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.

ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு வேறு ஒன்றும் இல்லை, வீட்டிலேயே இருங்கள். பகல் திரும்பிய பிறகு கிளம்புவதும் சரிவராது, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடியும் மழையும் சொல்லாமல் வரும், மரத்தடியில் ஒதுங்கி நிற்க வேண்டி வரும்.

கடைசியாக, யாரும் தவறென்றே நினைக்காத ஒன்று. ஒரு பக்கம் இறக்கை நீண்ட விதை சுழன்று சுழன்று விழும், பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கிப் பையில் போடுவார்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த பால்சம் மரத்தின் விதை, இந்தக் காட்டுக்குள்ளேயே நம் மரங்களை முளைக்கவிடாமல் அடைத்து நிற்கிறது. அங்கேயே விளையாடிவிட்டுப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், வீட்டுத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோக வேண்டாம்.