நிதித்துறைக்குப் போக எந்தக் கெம்பஸ்? தெரிவில் நாம் விடும் பிழைகள்

உயர்தர வர்த்தகப் பிரிவுப் பெறுபேறு வந்து சில நாட்களில் எனக்கு அழைப்புகள் தொடங்கிவிடும். "சேர், மகளுக்கு பேங்க் பக்கம் போகத்தான் விருப்பம். வந்தாறுமூலையைப் போடவா, ஜயவர்தனபுரவைப் போடவா?" வந்தாறுமூலையில் இருப்பது கிழக்குப் பல்கலைக்கழகம், ஜயவர்தனபுர கொழும்புக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகம். கல்முனையில் வங்கிக் கடன் பிரிவில் வேலை செய்கிறேன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பேங்கில் என்ன வேலை?

அநேகமான வீடுகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை. முதல் பிழை அங்கேதான். கிளையில் கடன் கொடுக்கும் வேலை, பட்டயக் கணக்காளராகிக் கணக்காய்வு செய்வது, பங்குச் சந்தைத் தரகு நிறுவனத்தில் கம்பனிகளை ஆராய்வது, போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைக் கணக்காளர் சேவைக்குப் போவது எல்லாமே நிதித்துறைதான். ஆனால் ஒன்றுக்குப் போகும் வழி மற்றதற்குப் போகாது. பங்குச் சந்தையும் தரகு நிறுவனங்களும் வங்கிகளின் தலைமையகங்களும் கொழும்பில். பட்டயக் கணக்காளர் பயிற்சியைக் கொடுக்கும் கணக்காய்வு நிறுவனங்களில் பெரும்பாலானவையும் அங்கேதான். அந்த வேலைகள்தான் இலக்கு என்றால் படிக்கும் காலத்திலேயே அங்கே கால் வைக்க முடிவது பெரிய வசதி. கிளை வங்கி, லீசிங், அரச கணக்காளர் வேலை என்றால் வந்தாறுமூலையோ, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலோ எந்த வகையிலும் குறைவில்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை. விண்ணப்பத்தில் விருப்பத்தெரிவு ஒழுங்கைப் பயத்தோடு எழுதுவது. அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒன்று ஜயவர்தனபுரவை மனதில் வைத்துக்கொண்டு, "கிடைக்காட்டி ஒன்றுமில்லாமல் போயிடும்" என்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை முதலாவதாகப் போட்டது. அப்படி ஒன்றும் போகாது. தெரிவு நடப்பது இசட் புள்ளியின்படி, அதாவது உயர்தரப் பெறுபேற்றைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடக்கூடியதாக மாற்றிய புள்ளியின்படி. உங்கள் முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவதைப் பார்ப்பார்கள், அதுவும் இல்லையென்றால் மூன்றாவதை. ஒலுவிலை இரண்டாவதாக எழுதியதற்காக உங்களைவிடக் குறைந்த புள்ளிக்காரர் முந்திவிட மாட்டார். ஆனால் முதலாவதாக எழுதியது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே எழுதியதற்குப் புள்ளி போதுமாக இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை. ஆகவே உண்மையில் எது வேண்டுமோ அந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

வெட்டுப்புள்ளிப் பட்டியலில் (ஒவ்வொரு பாடநெறிக்கும் மாவட்டவாரியாகத் தெரிவான கடைசிப் புள்ளி) தவறான நிரலைப் பார்ப்பவர்களும் உண்டு. களுவாஞ்சிக்குடி மட்டக்களப்பு மாவட்டம், சில மைல் தெற்கே கல்முனை அம்பாறை மாவட்டம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே டியூஷனில் இருப்பார்கள், வெட்டுப்புள்ளி மட்டும் வேறு. வர்த்தகப் பிரிவு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிகுதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நம் இரண்டு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பட்டத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். முகாமைத்துவம் என்று சேர்த்துக்கொள்ளும் பல பீடங்களில் நிதியியலைச் சிறப்பாகப் படிப்பது பிறகுதான் முடிவாகும், அதற்கு ஆரம்பப் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்ப்பார்கள். முதல் வருடத்தைச் சும்மா விட்டால் நினைத்த பாடம் கைநழுவும். தொழில்முறைப் பரீட்சைகளில் எத்தனை தாள்களுக்கு விலக்கு கிடைக்கும் என்பதையும் சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாமல், அந்தந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்கள் பட்டத்தின் பெயரைப் போட்டே பாருங்கள். முதலீட்டு ஆய்வுத் துறைக்கான சர்வதேசத் தகைமையான சி.எஃப்.ஏ. மூன்று நிலைகள் கொண்டது. பட்டம் முடிய 23 மாதங்களுக்குள் இருந்தால் முதல் நிலையை எழுதலாம், கட்டணம் டொலரில்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் கிளையில் இரண்டு பேர் உள்ளகப் பயிற்சிக்கு இருந்தார்கள். ஒருவர் கொழும்புப் பக்கம் படித்தவர், மற்றவர் இங்கேயே படித்த தங்கச்சி. ஒரு அரிசி ஆலையின் கணக்குகளைக் கொடுத்தேன். வருமானக் கூற்றில் நல்ல இலாபம், ஆனால் கடன் தவணை மூன்று மாதமாகக் கட்டவில்லை. தம்பி விகிதங்களை எல்லாம் எக்ஸெலில் அழகாகப் போட்டுவிட்டு, "சேர், நல்ல பிஸ்னஸ்" என்றார். தங்கச்சி ஐந்தொகையைத் திருப்பிப் பார்த்தது. நெல் இருப்பும் கடன்பட்டோரும் முந்திய வருடத்தைவிட இரண்டு மடங்கு. "இலாபம் மூட்டையில இருக்கு சேர், கையில காசில்ல" என்றது. சம்மாந்துறையில் மாமாவின் ஆலையில் லீவு நாட்களில் கணக்கெழுதிய பிள்ளை அது. இங்கே கற்கக் கிடைப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்பதற்கே இதைச் சொல்கிறேன்.

செலவைக் கணக்குப் போடாமல் முடிவெடுப்பது இன்னொரு பிழை. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் காசில்லைதான். ஆனால் விடுதி கிடைக்காத வருடங்களில் கொழும்புப் பக்கம் போடிங் வாடகை, சாப்பாடு, இரவு பஸ் என்று நாலு வருடத்துக்கு வரும் தொகையைத் தாளில் எழுதுங்கள். வீட்டிலிருந்தே போய் வந்தால் மிஞ்சும் காசு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) பரீட்சைக் கட்டணங்களுக்கும், கொழும்பில் ஆறு மாதப் பயிற்சிக்குத் தங்குவதற்கும் உதவும். அப்படிச் செய்யத் திட்டமிருந்தால் அருகில் படிப்பதே புத்தி. திட்டமில்லாமல் அருகில் இருந்தால் நாலு வருடம் ஓடிவிடும்.

சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழகுவதற்குக் கொழும்புப் பக்கம் போவது உதவும், நம் பிள்ளைகளோடு மட்டும் ஒரே அறையில் நாலு வருடம் இருந்துவிடாவிட்டால்.

நீங்கள் யோசிக்கும் இரண்டு பீடங்களிலும் கடைசி வருடத்தில் இருக்கும் ஒருவரையாவது தேடிப் பேசுங்கள். பயிற்சி எத்தனை மாதம், பீடமே இடம் எடுத்துத் தருமா, போன பிரிவினர் எங்கே பயிற்சி செய்தார்கள் என்று கேளுங்கள். இதையெல்லாம் பதிவுக்கு முன்னரே செய்துவிட வேண்டும். ஒரு இடத்தில் பதிந்த பிறகு மற்றதற்கு மாறுவது மிகக் கடினம்.